வாயில்தோறும் ஒரு சொல்



திருவில்லிபுத்தூர் தந்த ஆண்டாள், திருப்பாவையின் 6ஆம் பாசுரம் முதல் 15ஆம் பாசுரம் வரை பத்துத் தோழியரைத் துயிலெழுப்புகிறாள். நோக்கம் ஒன்றே, ஆயினும் வாயிலுக்கு வாயில் சொல் வேறு. ஒருத்தியைப் பாராட்டுகிறாள், ஒருத்தியைக் கடிகிறாள், ஒருத்திக்காக அவள் தாயிடமே முறையிடுகிறாள்.

இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ இருந்துகொண்டு சொந்த இணையதளம் தொடங்கும் எழுத்தாளருக்கும் இதுவே கவலை: வாசகரை எவ்வாறு அழைப்பது? கட்டுரை வெளியானதும் சமூக ஊடகங்களில் தாமே அறிவிக்கும் மென்பொருள்கள் உள்ளன. இம்முறை தமிழுக்குப் புதிதன்று. 2004இல் தோன்றிய ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி, வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளைத் தானே திரட்டிக் காட்டி, வாசகரை அவற்றிடம் அனுப்பிவைத்தது.

எனினும், அயலார் திண்ணை என்றும் அயலார் திண்ணையே. பிற மென்பொருள்கள் தனியர் கணக்குகளில் தாமே இடுகையிடும் வழியை முகநூல் 2018 ஆகஸ்டில் அடைத்தது. பின்னர் எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டர், 2023இல் இவ்வசதிக்குப் பெருங்கட்டணம் விதித்தது, வேர்ட்பிரஸ்.காம் தளங்களிலிருந்து அங்கே தானாகச் சென்ற அறிவிப்புகள் நின்றன. பொறியை மட்டுமே நம்பியோர் வாயிலில் அரவம் அடங்கியது.

ஆதலின், எழுத்து சொந்தத் தளத்தில் நிலைக்கட்டும். விரும்பிக் கேட்கும் வாசகருக்கு மின்னஞ்சலிலும் செல்லட்டும். செய்தியைப் பொறி சுமக்கட்டும். மறுமொழியை எழுதியவரே எழுதட்டும். ஆயிரம் வாயிலிலும் ஒரே சொல்லைக் கூவும் பொறிக்கு நெடுநாள் எவரும் கதவு திறவார். பத்து வாயிலுக்குப் பத்துச் சொல் கண்டவள் ஊரில் இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?