சூனிப் பானைகளும் றூத் பன்செலும்



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று அவற்றை விட்டுவிடுகிறேன். றூத் பன்செல் என்ற மானிடவியலாளரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1924இல் அவர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸின் செயலாளர். படித்தது வரலாறு. அந்தக் கோடையில் றூத் பெனடிக்ற், நியூ மெக்சிக்கோவில் புவெப்லோ மக்களுள் ஒரு பிரிவினரான சூனி மக்களின் ஊருக்குப் புறப்பட்டார். கூடப்போய்க் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்து கொடுக்கலாம் என்பதே பன்செலின் எண்ணம். தட்டச்சில் நேரத்தைப் போக்காமல் சொந்தமாக ஓர் ஆய்வைச் செய்யும்படி போவாஸ் சொன்னார். கலைஞருக்கும் அவரது கலைக்கும் உள்ள உறவே ஆய்வுப் பொருள்.

அக்காலத்தில் நூதனசாலைப் பானைகளை வைத்துத்தான் பெரும்பாலும் கோலங்களை ஆராய்ந்தார்கள். வனைந்தவளிடம் கேட்டவர் அரிது. பன்செல் அந்தப் பெண்களுடன் இருந்து, மண் பிசைந்து, தாமும் பானை செய்யப் பழகினார். அங்கே சக்கரம் கிடையாது; மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கித்தான் எழுப்புவார்கள். தீட்டத் தொடங்குமுன்பே கோலம் முழுவதும் மனதில் இருக்கும் என்றார்கள். கனவில் கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு பானையும் புதியது என்பது அவர்கள் கட்சி. பார்ப்பவருக்கோ எல்லாம் ஒரே மரபு. பன்செல் இரண்டையும் எழுதிவைத்தார், அவர்களைத் திருத்தப் போகவில்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான். பரிசோதனை அறிக்கை கையில் இருக்கும்போது நோயாளி சொல்வதையும் கேட்பது எவ்வளவு கடினம் என்று வைத்தியம் படித்தவர்களுக்குத் தெரியும்.

அவருக்கு முன்னர் சூனிக்குப் போன மற்றில்டா ஸ்ரீவன்சன், 1885இல் வாஷிங்டனில் பெண்களுக்கென மானிடவியற் சங்கம் அமைத்தவர். ஆண்கள் சங்கம் பெண்களைச் சேர்க்காத காலம் அது. துணிச்சல்காரி. ஆனால் அந்த மக்களின் மறைவான சடங்குகளுக்குள் அவர்கள் விருப்பத்தை மீறியும் நுழைந்தவர். அந்தத் துணிச்சலை மட்டும் என்னால் பாராட்ட முடியவில்லை.

பன்செலின் 'புவெப்லோ குயவர்' 1929இல் வெளிவந்தது. பின்னர் குவாத்தமாலாவிலும் ஆய்வு செய்தார். கொலம்பியாவில் நெடுங்காலம் கற்பித்தும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1990இல், 91 வயதில் காலமானார்.

அந்த நூலின் ஒரு பிரதியை எங்கள் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். படங்கள் நிறைய உண்டு. சித்திரம் படிக்கும் பிள்ளைகள் முதலில் எடுத்துப் பாருங்கள்.