ஆங்கில வாக்கியத்தில் தலைச்சொல்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஓசூர் வட்டாரத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. இவை ஓரினத்து மொழிகள் என்பதைக் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் விளக்கிற்று. மூன்றிலும் அடை முன்னே வரும். தலைச்சொல்லாகிய பெயர் இறுதியில் நிற்கும். 'புதிய இயந்திரம்' என்பது ஆங்கிலத்திலும் 'நியூ மெஷின்' என்றே அமையும். ஆயின் தொடர் நீளும்போது இடர் தோன்றுகிறது. 'அறையின் சாவிகள்' என்பது 'தி கீஸ் ஆஃப் தி ரூம்' ஆகிறது. தலைச்சொல் முன்னே சென்று, அடை பின்னே நிற்கிறது.

நம் மாணவன் தாய்மொழிப் பழக்கத்தால் வினைக்கு அருகிலுள்ள பெயரையே எழுவாயாகக் கொள்கிறான். 'ரூம்' ஒருமையாதலின் 'இஸ்' என்றெழுதுகிறான். சாவிகள் பன்மை, 'ஆர்' என்பதே சரி. இஃது அறிவுக் குறையன்று, மொழியமைப்பின் வேறுபாடே.

இதனால் இழப்பது மதிப்பெண் மட்டுமா? அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராயிருந்து உருவாக்கிய அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையை ஒழித்த அதன் 17ஆம் பிரிவின் இரண்டாம் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வினைக்கு முன் எட்டுச் சொற்களுக்கு மேல் நீளும் பெயர்த்தொடர் ஒன்று உள்ளது. அதில் வினையை ஒட்டி நிற்பது தீண்டாமை என்னும் சொல். தலைச்சொல்லோ தொடக்கத்திலுள்ள 'என்ஃபோர்ஸ்மென்ட்', அதாவது, செயற்படுத்துதல். தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு உரிமைத் தடையை விதித்துச் செயற்படுத்துவதே குற்றம் என்பது பொருள். குற்றம் ஒரு செயல். செயலென்றால் செய்தவன் ஒருவன் உண்டு. தலைச்சொல்லைத் தவறவிட்டவன் கண்ணுக்கு அக்குற்றவாளி தெரியமாட்டான்.

ஆகவே மாணவர்களே, முதலில் வினையைத் தேடுங்கள். அதற்கு முன்னுள்ள தொடரில் 'ஆஃப்' வந்தால் அங்கே கோடிடுங்கள். முதற்கோட்டுக்கு முன்னுள்ள பெயரே பெரும்பாலும் தலைச்சொல். அதனை வினையோடு சேர்த்துப் படியுங்கள். வாக்கியத்தின் எலும்புக்கூடு புலப்படும். பின்னர் அடைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

நாளை சிப்காட் தொழிற்சாலையொன்றில் பணி ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். யார், எதற்கு, எவ்வளவு காலத்துக்குக் கடமைப்படுகிறார் என்பதைப் பிறர் சொல்லக் கேளாமல், தாமே படித்தறிந்து கையெழுத்திடும் இளைஞர்களை இச்சங்கம் உருவாக்க வேண்டும். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த நாம், கையெழுத்திடும் தாளின் பொருளறியும் நிலைக்கு உயர்வோமாக!