குதிர், கண்மாய், நிதி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆண்டுதோறும் தடையின்றி நடப்பதற்குப் பின்னால் எளிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு தொகையை வைப்பில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டே விழாவை நடத்தவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. ஏதோ ஒரு நெருக்கடியான ஆண்டில், அந்த முதலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நிர்வாகிக்குத் தோன்றியிருந்தால், இந்த மேடை என்றைக்கோ மறைந்திருக்கும். தோன்றியிருக்கலாம், ஆனால் யாரும் எடுக்கவில்லை. நான் இன்று பேச வந்திருப்பது இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான். கையில் இருப்பதில் ஒரு பகுதியைத் தொடாமல் வைப்பது, கெட்ட காலத்துக்கென்று ஒதுக்குவது, அதை அடுத்தவர் கையில் குறையாமல் ஒப்படைப்பது.

புதுக்குடியின் அடுப்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சாலைகளும் மூழ்கின. உதவி வந்து சேர நாட்கள் ஆயின.

அந்த இடைவெளியில் அடுப்பு மூட்டியவர்கள் பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர்மக்கள். தங்கள் வீடுகளிலிருந்து அரிசி கொண்டுவந்து கோயிலில் சமைத்து, முன்பின் தெரியாத பயணிகளுக்குப் போட்டார்கள். அவர்களுடைய நல்ல மனத்தை நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு தகும். நான் அதோடு இன்னொன்றையும் பார்க்கிறேன். அன்றைக்கு அந்த வீடுகளில் அரிசி இருந்தது. கடை திறந்தால்தான் உலை வைக்கமுடியும் என்ற நிலையில் அந்த ஊர் இருந்திருந்தால், நல்ல மனம் மட்டும் யாருக்குப் பசியாற்றியிருக்கும்? ஊர் கூடிச் சமைக்க ஒரு கோயில் இருந்தது. அண்டாவும் இருந்தது. யார் சொன்னால் ஊர் கேட்கும் என்ற ஒழுங்கு இருந்தது. இவற்றில் எதையும் வெள்ளம் வந்த பிறகு உண்டாக்கமுடியாது.

தற்சார்பு என்றால் தன்னை மட்டும் காத்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். புதுக்குடி வேறு பாடம் சொல்கிறது. சேர்த்து வைத்தவனால்தான் கொடுக்கமுடியும்.

குதிர்

என் அப்பத்தா வாழ்ந்தது வானம் பார்த்த பூமி. அவர் வீட்டின் உள்ளறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் குதிர் நின்றது. உறைமேல் உறையாக அடுக்கி, சந்துகளைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசியிருப்பார்கள். மேல்வாய் வழியாகக் கொட்டவேண்டும். கீழே இருக்கும் துளை வழியாக எடுக்கவேண்டும். இதனால் பழைய நெல் முதலில் வெளியே வரும், புது நெல் மேலே காத்திருக்கும். இன்று பெரிய கிடங்குகளில் மேலாண்மைப் பாடமாகச் சொல்லித்தரும் ஒழுங்கு அந்தத் துளையின் இடத்திலேயே அடங்கியிருந்தது.

துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார். பழம்புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார். கோடை முழுக்கச் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வற்றலாகும். மழை தவறினால் விதைக்க, குறைந்த நாளில் விளையும் குதிரைவாலியும், உமியோடு வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும் வரகும் தனியாக இருக்கும். விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, கோட்டையாகக் கட்டி, சாணம் மெழுகிப் பரணில் ஏற்றிவிடுவார். குதிர் காலியானாலும் அந்தக் கோட்டையின்மேல் யாரும் கை வைக்கக்கூடாது. அதை உண்டுவிட்டால் இந்த மாதப் பசி தீரும். அடுத்த ஆண்டு நிலம் தரிசாகக் கிடக்கும்.

அஞ்சறைப் பெட்டியிலும் கடுகு டப்பாவிலும் பெண்கள் சேர்த்த சில்லறையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். பள்ளிக்கூடக் கட்டணமும் பிரசவச் செலவும் அதிலிருந்து போயிருக்கின்றன. நம் குடும்பங்களின் முதல் நிதியமைச்சர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

என்னைப் பழமைவாதி என்று சிலர் சொல்வதுண்டு. நான் மறுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பஞ்சத்தையும் புயலையும் கடந்துவந்த ஒரு பழக்கத்தைக் கைவிடுவதற்கு முன், அது எதற்காக இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். என் பழமைவாதம் அவ்வளவுதான்.

தாது வருஷம்

குதிர் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் அது பொய்யாகும். 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எங்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது வீட்டுச் சேமிப்பு கரைந்தது. நிலமற்றவர்களுக்குக் கரைவதற்குக்கூட எதுவும் இருக்கவில்லை. ரயில் பாதை வந்திருந்தது. ஆனால் எங்கே நல்ல விலையோ அந்தத் திசையில்தான் தானியம் போனது. பஞ்சத்துக்கு நடுவிலும் ஏற்றுமதி நிற்கவில்லை.

வைஸ்ராய் லிட்டன் பிரபு, செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். கடும் உழைப்புக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமும் மிகச் சிறிய காசும் போதும் என்று டெம்பிள் கூலி நிர்ணயித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், இது மனிதரை உயிரோடு வைக்கப் போதாது என்று வாதாடினார். அரசு கையிருப்பைத் திறந்துவிட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பதே அன்றைய ஆட்சியின் பேச்சு.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டினியில் கிடப்பவனைப் பார்த்து, உன் சொந்தக் காலில் நில் என்று சொல்வது தற்சார்பும் ஆகாது, மரபும் ஆகாது. அது கொடுமை. தற்சார்பை விளைச்சல் ஆண்டில், விளைந்தவனிடம் கேட்கவேண்டும். இல்லாதவனிடம், இல்லாத நாளில் கேட்கக்கூடாது.

கண்மாய்

ஒரு வீட்டால் முடியாததை ஊர் செய்தது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் மழையை மாதக்கணக்கில் பிடித்துவைக்கும் குதிர்கள் அவை. மடை திறக்கவும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் நீர்க்கட்டி இருந்தார். அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். கோடையில் ஊர் கூடி வண்டல் அள்ளியது. வண்டல் வயலுக்கு உரமானது, கண்மாய்க்கு ஆழம் கூடியது. இதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

அந்த ஒழுங்கில் குறை இருந்ததையும் சொல்லவேண்டும். மண் சுமந்த பாரம் நிலமில்லாதவர் தலையில் ஏறியது. தண்ணீர் நிலமுள்ளவர் வயலுக்குப் போனது. பழமையைப் பேணுகிறவன் இந்தக் குறையை மூடி மறைக்கக்கூடாது. கூரையில் ஓட்டை என்று வீட்டை இடிக்கிறவனும் தவறு செய்கிறான், ஓட்டையே இல்லை என்கிறவனும் தவறு செய்கிறான்.

ஆங்கிலேய ஆட்சியில் வருவாய் மேலே அரசுக்குப் போனது. கண்மாய் பராமரிப்பு மட்டும் ஊரின் தலையில் நின்றது. வழக்கம் தளர்ந்ததும் 1858-ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. மரபுப்படி செய்யவேண்டிய மராமத்தைச் செய்யாதவர்களிடம் பணம் வசூலிக்க அது வழி செய்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கண்மாயில் தூர் ஏறிக்கொண்டே போனது. தன்னுடையது என்று எண்ணி மனிதன் செய்துவந்த காரியத்தை அபராதத்துக்குப் பயந்து செய்யவைக்கமுடியவில்லை.

நம் காலத்திலும் இதையே பார்த்தோம். இருபது ஆண்டுகளுக்கும் முன்பே மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், நிலத்தடி நீர் பல இடங்களில் ஏறவும் செய்தது. ஆனால் சட்டத்தால் குழி தோண்டவைக்கமுடியுமே தவிர, ஆண்டுதோறும் தூர்வாரவைக்கமுடியாது. மணல் அடைத்து, குழாய் உடைந்து, எத்தனையோ வீடுகளில் அது பெயரளவில் நின்றது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

நிதி

வீட்டுக் குதிருக்கும் ஊர்க் கண்மாய்க்கும் அடுத்து, மூன்றாவது காவல் பணம். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. இத்தகைய நிதிகளின் வழிமுறை எளியது. உறுப்பினர்கள் மாதாமாதம் சிறு தொகை போடுவார்கள்; உறுப்பினருக்கு மட்டும், நகையையோ சேமிப்பையோ ஈடாக வைத்துக் கடன் கிடைக்கும். கடன் கேட்பவரைக் கொடுப்பவருக்குத் தெரியும். சென்னை அரசுக்காகக் கூட்டுறவுக் கடனைப் பற்றி ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், இந்த நிதிகளையும் உன்னிப்பாகக் கவனித்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் கிராமக் கூட்டுறவுச் சங்கமும், சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின.

1906 அக்டோபரில், சென்னையின் பெருமைமிகு ஆங்கிலேய நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. அரை நூற்றாண்டு உழைப்பை அங்கே போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அடுத்த ஆண்டே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, நகரத்தார் முதல் போட, இந்தியன் வங்கி எழுந்தது. ஏமாந்த சமுதாயம் புலம்பிக்கொண்டு உட்காராமல் தன் பெட்டியைத் தானே செய்துகொண்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. என் சித்தப்பா, ஓய்வூதியப் பணம் முழுவதையும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டார். வங்கி தருவதைப்போல் இரண்டு மடங்கு வட்டி என்றார்கள். ஒரு காலையில் ஷட்டர் இறங்கியிருந்தது. கடைசிவரை அந்த ரசீதை அவர் கிழிக்கவில்லை. சேமிப்பு என்பது பொறுமையின் பிள்ளை. அதை ஆசையிடம் வளர்க்கக் கொடுத்தால் வீடு திரும்பாது.

அரசின் இடம்

அப்படியானால் அரசு வேண்டாமா? வேண்டும். நியாயவிலைக் கடை அரிசி இந்த மண்ணில் பட்டினியைத் தடுத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் கேள்வி வரிசையைப் பற்றியது. முதலில் வீடு, அடுத்து தெருவும் உறவும், பிறகு ஊர், கடைசி மதிலாக அரசு. கடைசி மதிலே முதல் மதிலாகவும் ஆகிவிட்டால், அது சரியும் நாளில் நமக்குப் பின்னால் எதுவும் இருக்காது.

ராஜாஜி இதை நன்றாக உணர்ந்தவர். போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடுகளை 1952-ல் முதலமைச்சராக அவர் நீக்கியபோது, பஞ்சம் வந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். விவசாயியையும் வியாபாரியையும் நம்பலாம் என்று அவர் துணிந்தார். அஞ்சிய பஞ்சம் வரவில்லை. 1959-ல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதற்குப் பின்னாலும் இந்த நம்பிக்கைதான் இருந்தது. குடிமக்களைச் சிறுவர்களாக நடத்தினால் அவர்கள் சிறுவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

நாம் செய்யக்கூடியது

மாணவர்களே, உங்களை மண் குதிர் கட்டச் சொல்லவில்லை. வாடகை வீட்டில் அதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். புரட்டாசி முடிவதற்குள் சில காரியங்களைச் செய்யலாம். ஒரு மாதத்துக்கு அரிசியும் பருப்பும், ஒரு வாரத்துக்குக் குடிநீரும் மருந்தும், மின்சாரம் போனால் விளக்கும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். சம்பளம் வந்த அன்றே, செலவுக்கு முன்னால், ஒரு பங்கை எடுத்து ஒதுக்குங்கள். உங்கள் மாடியில் தனியாக வாழும் முதியவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சொந்த ஊரில் கண்மாய் இருந்தால், தூர்வாரும் நாளில் விடுப்பு எடுத்துப் போய் நில்லுங்கள்.

இதெல்லாம் பயத்தில் செய்யும் காரியங்களாக இருக்கவேண்டாம். பயந்தவன் பூட்டிவைப்பான், நன்றியுள்ளவன் சேர்த்துவைப்பான். நமக்கு முன்னால் யாரோ பசித்திருந்தும் விதைக்கோட்டையைப் பிரிக்கவில்லை. அதனால்தான் நாம் இருக்கிறோம்.

இந்த அறக்கட்டளையின் முதல் தொகையை இதுவரை தொடாமல் காத்த நிர்வாகிகளை வணங்குகிறேன். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இந்த மேடையில் பேசப்போகிறவருக்காகவும் அதை அப்படியே வைத்திருங்கள்.