கவியின் மனையில் இருந்த எழுத்தாளர்

(செங்கற்பட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பெரும் புகழ் படைத்த ஒரு கலைஞரின் மனைவி என்ற அளவிலேயே உலகத்தாரால் நினைக்கப்படும் ஓர் அம்மையாரைப் பற்றியது. அவர் செல்லம்மாள் பாரதி. அவர் பெயரைக் கேட்டவுடன், ‘மகாகவியின் தர்மபத்தினியார் அல்லரோ?’ என்பீர்கள். ஆம். ஆனால் அவர் ஒரு நூலின் ஆசிரியர். புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டவர். வானொலியில் தம் கருத்தை உரைத்தவர். இம்மூன்றையும் அறிந்தவர் இச்சபையில் எத்தனை பேர் என்று கேட்பின், கைகள் பல எழமாட்டா. இக்குறை நம்முடையதேயன்றி அவருடையதன்று.

நம் நாட்டுக் கடற்கரையிலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். மாமல்லபுரம் செல்வோர் கற்கோயில்களைக் கண்டு, பல்லவ மன்னர் பெயரைச் சொல்லி வியக்கின்றனர். அருகேயுள்ள பூஞ்சேரியில், பாறைமேல் கேவாத பெருந்தச்சன் முதலிய தொழில்வல்லார் சிலரின் பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதைச் சென்று காண்போர் மிகச் சிலர். அரசன் பெயரை உலகம் அறியும். உளி பிடித்தவன் பெயரை ஆராய்ச்சியாளர் அறிவர். அவ்வுளி பிடித்தவனுக்குச் சோறு சமைத்து, அவன் தொழிலுக்குத் துணை நின்றவள் யாவள் என்று எப்பாறையும் கூறவில்லை. கல்லில் நிகழ்ந்தது ஏட்டிலும் நிகழலாகாது என்பதே என் வேண்டுகோள்.

செல்லம்மாள் 1890-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள கடையத்தில் பிறந்தார். 1897-இல் விவாகம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது ஏழு, மணமகனாருக்குப் பதினான்கு. 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரி வாசம். ஆங்கில அரசாங்கத்தின் ஒற்றர்கள் வீதியில் நிற்க, கையில் காசின்றி, இரு பெண்மக்களை வளர்த்து அக்குடும்பத்தை நடத்தியவர் அவர். 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூரருகே சிறைப்படுத்தப்பட்டார். விடுதலைக்குப்பின் சில காலம் கடையத்தில் வாழ்ந்து, பின்னர்ச் சென்னை சேர்ந்து, 1921 செப்டம்பரில் முப்பத்தொன்பதாவது வயது நிரம்புமுன்னரே மறைந்தார்.

அப்போது செல்லம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. கணவர் வைத்துப்போன ஆஸ்தி யாது? நிலமில்லை, வீடில்லை, பொன்னில்லை. இருந்தவை கையெழுத்துக் காகிதங்களே. அக்காலத்துக் கைம்பெண் ஒருத்தி மூலையில் அமர்வதே முறையென்று ஊரார் எண்ணியிருந்தனர். அம்மையாரோ மறு ஆண்டிலேயே, 1922-இல், திருவல்லிக்கேணியில் ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரால் வெளியீட்டு முயற்சி தொடங்கி, ‘சுதேச கீதங்கள்’ நூலை இரு பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டார். கவி மறைந்தபின் அவர் பாடல்களைத் தமிழர் கையில் தொகுத்துக் கொடுக்க முற்பட்ட முதற்கை அவருடைய கையே. அதன் பின்னரே ‘பாரதி பிரசுராலயம்’ வந்தது. 1928-இல் பறிமுதல் வந்தது. சட்டசபையில் வாதம் வந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் பதிப்புரிமையைப் பெற்றதும் வந்தது. இவ்வரலாற்றைச் சொல்லுவோர் பலரும் நடுவிலிருந்து தொடங்குகின்றனர். தொடக்கத்தில் ஒரு பெண் நின்றாள் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி அவர் நூலுக்கு வருவோம். 1941-இல் ‘பாரதியார் சரித்திரம்’ வெளிவந்தது. வ. ராமசாமி ஐயங்காரவர்களின் புகழ்பெற்ற ‘மகாகவி பாரதியார்’ நூலாக வெளிவந்தது 1944-இல் என்பதை இங்கே நினைவுறுத்துகின்றேன். பாரதியார் தம் சுயசரிதையைச் செய்யுளில் தொடங்கி 1910-இல் வெளியிட்டார். அது இளமைப் பருவத்தோடு நின்றுவிட்டது. ஆகவே, பிற்கால வாழ்க்கையை வீட்டுக்குள்ளிருந்து கண்டு சொல்லத்தக்க சாட்சி தேவையாயிற்று. நண்பர்கள் கவியைக் கடற்கரையிலும் திண்ணையிலும் கண்டார்கள். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் கவி குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த நிகழ்ச்சியை நாமெல்லோரும் கேட்டிருக்கின்றோம். நண்பர்க்கு அது கருணையின் காட்சி. அடுப்பருகே நின்றவளுக்கு அது கருணையின் காட்சியும் ஆகும். அன்றைய அன்னத்தின் முடிவும் ஆகும். இவ்விரண்டையும் ஒருசேரக் கண்ட கண் ஒன்றேயன்றோ? அதுவே அச்சரித்திரத்தின் தனிச் சிறப்பு. கணவரைத் தெய்வமாக்கி ஒதுங்கவும் இல்லை. குறைகூறி அழவும் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ‘அந்நூலை அம்மையார் வாயால் சொல்ல, மகள் தங்கம்மாள் அன்றோ எழுதினார்? அவரை எங்ஙனம் எழுத்தாளர் என்பது?’ என்று சிலர் வினவுவர். வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்பது நம் புராண வழக்கு. பாரதத்தின் ஆசிரியர் விநாயகர் என்று எவரேனும் சொன்னதுண்டா? கண்ணிழந்த மில்டன் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர், காவியம் மில்டனுடையதே. அவ்வளவு தூரம் போவானேன்? பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த நீர்வளூரை ஊராகவுடைய வை. மு. கோதைநாயகி அம்மாள், எழுதப் பழகுமுன்னரே தம் முதல் நாடகமாகிய ‘இந்திர மோகனா’வைச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். பின்னர் அவ்வம்மையாரே எழுதக் கற்று, ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைத் தந்தார். பேனா பிடித்த விரலைப் பார்ப்பதா, சொல்லைப் பிறப்பித்த நெஞ்சைப் பார்ப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஆடவர்க்கு ஒரு நியாயமும் பெண்டிர்க்கு ஒரு நியாயமும் வைப்பது தர்மமன்று.

1951-இல் திருச்சி வானொலி நிலையத்தில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் செல்லம்மாள் பேசினார். கவிஞனுக்கு மனைவியாக வாழ்வதன் பெருமையையும் கஷ்டத்தையும் மறையாது உரைத்தார். புகழ் ஊருக்கு, வயிற்றுப்பாடு வீட்டுக்கு என்னும் உண்மையைக் கசப்பின்றிச் சொல்ல வல்ல நா அவருடையது. 1955-இல் அவர் காலமானார்.

இது ஒருவர் கதை மாத்திரம் அன்று. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனை அறியாதார் இலர். 1948-இல் அவர் மறைந்தபின் பல பத்தாண்டுகள் வாழ்ந்த அவர் மனைவியார் கமலா விருத்தாசலம், தாமும் சிறுகதைகள் எழுதியவர். ‘காசுமாலை’ என்பது அவர் கதைத் தொகுதி. ஆனால் இன்று மிகுதியும் வாசிக்கப்படுவது, கணவர் அவருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பாகிய ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலே. கடிதம் பெற்றவராக அவரை உலகம் அறியும். கதை எழுதியவராக அறியாது. அக்கடிதங்களும் ஒரு பெண் பாதுகாத்து வைத்ததனாலன்றோ நமக்குக் கிடைத்தன?

அன்பர்களே! இவ்வூர்க்கு ஒரு கடமை உண்டு. 1929 பிப்ரவரியில் இந்தச் செங்கற்பட்டிலேதான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் 1989-இல் வந்தது, அறுபதாண்டு சென்றது. நிலமும் வீடும் சொத்தாயின், எழுத்தும் சொத்தே. அச்சொத்தின்மேல் ஒட்டியிருக்க வேண்டிய பட்டா, எழுதியவர் பெயர். அதற்குச் சட்டம் வேண்டா. நம் மனம் போதும்.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றேன். முதலாவது, உங்கள் இல்லத்துப் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பாட்டியார் எழுதிய கும்மி, நலங்குப் பாட்டு, கணக்குக் குறிப்பு, கடிதம் எதுவாயினும் எடைக்குப் போடாதீர்கள். இரண்டாவது, வயது முதிர்ந்த தாய்மார் சொல்லும் வரலாற்றை இளைஞர் எழுதிக்கொண்டு, சொன்னவர் பெயரையே ஆசிரியர் பெயராக இடுங்கள். மூன்றாவது, நம் சங்கப் பத்திரிகையில் மறைந்த அம்மையார் ஒருவரைக் குறிப்பிடுங்கால், ‘இன்னாருடைய பாரியாள்’ என்று மட்டும் அச்சிடும் வழக்கத்தை இம்மாதத்தோடு நிறுத்துவோம். அவர் பெயரும், அவர் செய்ததும் முதலில் வரட்டும். உறவுமுறை பின்னர் வரட்டும்.

செல்லம்மாளை மகாகவியின் மனைவி என்று சொல்வதில் பிழையில்லை. அதை அவரே பெருமையாகக் கொண்டார். அவ்வளவோடு நிறுத்துவதே பிழை.