வழித்துணை
(விரிஞ்சிபுரம் கார்த்திகைக் கடை ஞாயிறு விழாச் சொற்பொழிவு)



பாலாற்றங்கரையில், இவ்விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு மார்க்கபந்தீசுவரர் என்பது திருப்பெயர். வழித்துணைநாதர் என்று தமிழில் வழங்குகிறோம். மிளகு வாணிகன் ஒருவன் கள்வர் அச்சம் மிகுந்த வழியிற் செல்ல அஞ்சி இத்தலத்து இறைவனை வேண்டினான் என்றும், பெருமான் காவல் வீரனாய் வடிவெடுத்து உடன் சென்று காத்தருளினான் என்றும் தலவரலாறு கூறுகின்றது. அஞ்சுகின்ற உயிரோடு கூட நடந்தான் என்பதே அவ்வரலாற்றின் உயிர்நிலை.

அந்த வழித்துணையைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். ஆயின் யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தெருவில் ஆதரவின்றிக் கிடந்த நாயை இல்லத்துக்குக் கொண்டுவந்து வளர்ப்பதும், அதன் வாழ்நாள் முடியும்போது அதற்கு விடை கொடுப்பதுமே இன்றைய பொருள்.

திருக்கோயிலில் நாயைப் பற்றிய பேச்சா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. சிவாலயங்களில் வடகிழக்கு மூலையில் பைரவப் பெருமானைத் தொழுகிறோமே, அவருக்கு ஊர்தி எது? சோமாசிமாற நாயனார் வேள்வி செய்த அம்பர் மாகாளத்தில், தியாகேசப் பெருமான் எளியவர் வேடம் பூண்டு, நான்கு வேதங்களையும் நான்கு நாய்களாக்கி உடன் அழைத்து வந்தார் என்பது அத்தலத்து வழங்கும் வரலாறு. வேள்விக்கு வந்தவர்களிற் பலர் தீட்டு என்று விலகி ஓடினர். நாயனார் அன்போடு வரவேற்றார். ஓடியவர்கள் விலகியது வேதத்தை விட்டு என்பதை அவர்கள் அறியவில்லை. மணிவாசகப் பெருமானோ தம்மைத் தாழ்த்திக் கூறும் இடங்களில் மீண்டும் மீண்டும் நாயையே உவமையாக எடுத்தார்.

நம் சித்தாந்தம் எல்லா உயிர்களையும் பசு என்ற ஒரே பெயரால் அழைக்கின்றது. மனிதனும் பசு, வாயிலிற் படுத்திருக்கும் நாயும் பசு. உடல்தான் வேறு. இதனைத் தோல் தொழிலால் வாழும் இந்நாட்டு மக்களுக்கு யாம் விரித்துக் கூற வேண்டுவதில்லை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் நாள்தோறும் தோலைக் கையால் தொட்டு வேலை செய்கிறீர்கள். தோலைப் பதப்படுத்தலாம், அதனுள் இருந்த உயிரைப் பதப்படுத்தி வைக்க இயலுமோ? இருக்கும்போது காட்டிய அன்பே அவ்வுயிருக்கு நாம் செய்தது.

இனி, நாய் மனிதனுக்குச் செய்ததைப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்பதோர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில், நிறுத்தப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்க முயன்று உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அதில் இருக்கின்றது. அவனுக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் இருக்கின்றது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனின் அருகே காவல் இருந்தது என்று கல்வெட்டுக் கூறுகின்றது. தலைவன் வீழ்ந்த பின்னர் அவனால் அந்நாய்க்கு ஒரு பிடி சோறும் இல்லை. ஆயினும் விட்டு நீங்கவில்லை. பேரரசர் பலரின் பெயர்கள் மறைந்தொழிந்த இந்நிலத்தில், ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிற்கின்றது.

அந்தக் கோவிவனின் இனத்தார்க்கு நாம் திருப்பிச் செய்வது யாது? சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி மோதிக் கால் ஒடிந்து கிடக்கும் குட்டிகளைக் காணாதவர் நம்மில் உளரோ? தெருநாய்களை இனப்பெருக்கத் தடை அறுவை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. நாய்களைக் கொன்று தொகையைக் குறைக்க முயன்ற காலத்தில், 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பினர் இந்த அறுவை முறையே வழி என்று நெடுங்காலம் வாதாடினர். அரசும் அமைப்புகளும் செய்வன அவை. ஒரு குட்டியை ஒரு குடும்பம் ஏற்பது, நாம் செய்யக்கூடியது.

அன்பு இருக்குமிடத்தில் அறிவும் இருத்தல் வேண்டும். வெறிநோய் பற்றி அதன் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆதலால் வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுக. கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் இட்டுக் காலங் கழித்தல் கூடாது. குழந்தையைக் கடித்துவிடுமோ என்று அஞ்சும் தாயின் அச்சமும் மதிக்கத் தக்கதே.

சென்ற ஆண்டு ஆம்பூரில், காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எம்மை அணுகினார். சாலையில் கிடந்த பெண் குட்டியை எடுத்துப் பதினோராண்டு வளர்த்தாராம். வயிற்றில் கட்டி கண்டு, இனி மருந்தில்லை என்று கால்நடை மருத்துவர் கூறிவிட்டார். மூன்று நாள் கூலியை விட்டு அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மடியில் தலை வைத்தபடியே அதன் உயிர் பிரிந்தது.

"ஐயா, தாயை இழந்தபோதுகூட இவ்வளவு அழவில்லை. நாய்க்குப் போய் அழுகிறாயே, இதுதான் பாசக்கட்டு என்று உறவினர் ஏசுகிறார்கள். நான் அழுதது பிழையா?" என்று கேட்டார்.

"அம்மா, பாசம் என்று நம் நூல்கள் கூறுவது ஆணவம், கன்மம், மாயை என்னும் தளைகளை. அன்பை அல்ல. அன்பையும் சிவத்தையும் பிரித்துக் காண்பது அறியாமை என்பது திருமூலர் நெறி. 'என்னுடையது போயிற்றே' என்று அழுதால் அது தளை. 'அந்த உயிர் துன்புற்றதே' என்று அழுதால் அது அன்பு. கூலியை விட்டு அதன் அருகில் இருந்தீர்களே, அப்போது யாருடைய துன்பத்தை எண்ணினீர்கள்?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டா. அண்ணாமலையில் பகவான் இரமணர் விலங்குகளை 'அது' என்று கூறாமல் 'அவன், அவள்' என்றே கூறுவார். 'பையன்களுக்குச் சோறு ஆயிற்றா?' என்று கேட்டால், அவர் கேட்டது ஆசிரமத்து நாய்களைப் பற்றி. முதலில் நாய்களுக்கும், அடுத்து இரவலர்க்கும், அதன் பின்னரே அடியவர்க்கும் உணவு என்பது அங்கு வழக்கமாய் இருந்தது. 1948 ஜூன் 18ஆம் நாள் இலட்சுமி என்னும் பசு உயிர் நீத்த அன்று, அவர் அதன் அருகமர்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார். அப்பசுவின் சமாதிக்கு அருகே மான், காகம் ஆகியவற்றுக்கும், ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதிகள் உள்ளன. பற்றற்ற ஞானியே இறுதிவேளையில் அருகிருந்தார் என்றால், அருகிருத்தல் பற்று ஆகுமோ?

தீராத வேதனையில் துடிக்கும் நாயை ஊசியிட்டு அமைதியாக்கலாமா என்றும் சிலர் வினவுவர். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்த கன்றொன்றை மருத்துவரைக் கொண்டு காந்தியடிகள் அவ்வாறே செய்வித்தார்; அதன்பொருட்டுக் கடுமையாக ஏசப்பட்டார். எல்லார்க்கும் ஒரே விடை இதில் இல்லை. நோய் தீருமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நம் வசதிக்காக அம்முடிவை எடுக்கிறோமா, அதன் வேதனைக்காக எடுக்கிறோமா என்பதை நம் நெஞ்சு சொல்லட்டும். எம்முடிவாயினும் நாயைப் பிறர் கையில் விட்டு வெளியே போய் நிற்றல் தகாது. பழகிய குரலும் பழகிய கையும் இறுதிவரை அதற்கு வேண்டும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. முதுமை வந்து, கண் மங்கி, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும், இரவோடு இரவாக நெடுஞ்சாலையோரம் கொண்டுபோய் விட்டுவிடுவோர் இருக்கின்றனர். அந்த நாய், விட்டுச் சென்ற வண்டி திரும்பி வரும் என்று அதே இடத்தில் காத்திருக்கும். கோவிவன் காத்திருந்ததும் அவ்வாறுதானே!

ஆகவே, அன்பர்களே! குட்டியை எடுக்கும் நாளிலேயே அதன் கடைசி நாளையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். நாயின் ஆயுள் பத்து, பதினைந்து ஆண்டுகளே. நமக்கு முன்னே அது போகும் என்பது தெரிந்தே தொடங்கும் உறவு இது. அவ்வளவு உறுதி இல்லையெனில், வாயிலில் ஒரு கவளம் இட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் அறமே. போன பின்னர் உடலைப் பாலாற்றில் எறியாமல், கிணற்றுக்கும் நீரோடைக்கும் தொலைவில் ஆழக் குழி தோண்டி அடக்கம் செய்யுங்கள். ஐந்தெழுத்தை ஓதி விடை கொடுங்கள். அவ்வுயிருக்கும் பதி அவனே.

வாணிகனோடு நடந்த பெருமான் நம்மோடும் நடக்கிறான் என்று நம்பி இங்கே வந்திருக்கிறோம். நம்மை நம்பி நம் வாயிலில் படுத்திருக்கும் உயிருக்கு, அதன் கடைசி வழியில் துணையாக நாம் நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.