அவர்கள் கதையில் நமக்கு என்ன?

(மைசூரில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தமிழ் மக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில் கூடினோம். அப்போது ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் பகல் முழுவதும் ஊதுபத்தி உருட்டுகிறார். மாலையில் இங்கே வந்து படிக்கிறார். அவர் கேட்டது இதுதான்.

"பெரியவங்க தங்கள் கதையைத் தாங்களே எழுதியிருக்காங்க, படிங்கன்னு சொல்றீங்க. அவங்க எல்லாம் பேரும் புகழும் உள்ளவங்க. அவங்க கதையைப் படிச்சு எனக்கு என்ன ஆகப் போகுது?"

நல்ல கேள்வி. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் யோசித்தேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

தன்வரலாறு என்றால் என்ன?

ஒருவர் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதினால் அது தன்வரலாறு. சுயசரிதை என்றும் சொல்வார்கள். அவருடைய கதையை வேறொருவர் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நம் வீட்டுச் சங்கதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது ஒரு விதம். நாமே சொல்வது இன்னொரு விதம். பசி எப்படி இருந்தது என்று பசித்தவருக்குத்தான் தெரியும்.

நம் ஊர்க் கதை

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். யாதவகிரியில் ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு முதல் அது நினைவு இல்லமாக இருக்கிறது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு அது. அவர் 1906-இல் சென்னையில் பிறந்த தமிழர். சிறு வயதில் பாட்டியிடம் வளர்ந்தார். பிறகு மைசூருக்கு வந்தார். நம் ஊர் மகாராஜா பள்ளியில் அவருடைய அப்பா தலைமை ஆசிரியர்.

தலைமை ஆசிரியரின் மகன் எப்படிப் படித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கல்லூரியில் சேர எழுதிய தேர்வில் அவர் தோற்றுப் போனார்! ஒரு வருடம் வீட்டில் இருந்தார். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடப்பார். புத்தகம் படிப்பார். பிறகுதான் கல்லூரியில் சேர்ந்து 1930-இல் பட்டம் பெற்றார்.

சென்னப்பட்டணாவில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதில் அவர் நிலைக்கவில்லை. சில நாட்களிலேயே விட்டுவிட்டு வந்தார். "நான் கதை எழுதப் போகிறேன்" என்றார். கதை எழுதினால் சோறு கிடைக்குமா என்று ஊரே கேட்டிருக்கும்.

முதல் நாவலை எழுதி முடித்தார். சுவாமி என்ற பையனின் கதை அது. பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நண்பரிடம் அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்தது. "யாரும் வாங்காவிட்டால் கல்லைக் கட்டி தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு" என்ற கருத்தில் அவருக்குக் கடிதம் எழுதினார். நண்பர் ஆற்றில் போடவில்லை. கிரகாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்து மகிழ்ந்தார். 1935-இல் அந்த நாவல் அச்சில் வந்தது.

இன்னொன்றும் சொல்கிறார். கோயம்புத்தூரில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்து விரும்பினார். ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அப்படியும் திருமணம் நடந்தது. ஆனால் 1939-இல் விஷக்காய்ச்சலில் ராஜம் இறந்துபோனார். கையில் சின்னஞ்சிறு மகள். அந்தத் துக்கத்தில் எழுதவே முடியாமல் கிடந்தார். மெல்ல மெல்லத்தான் மீண்டார்.

இதையெல்லாம் 1974-இல் வந்த தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அதை ஆங்கிலத்தில் எழுதினார். அதனால்தான் கதையை நான் வாயால் சொன்னேன்.

இப்போது சொல்லுங்கள். தேர்வில் தோற்ற பிள்ளை நம் வீட்டிலும் உண்டு. வேலையை விட்டு வந்த மகனும் உண்டு. துணையை இழந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். இது பெரிய மனிதர் கதையா, நம் கதையா?

தெரியாது என்று ஒப்புக்கொண்ட பண்டிதர்

அடுத்தது தமிழிலேயே உள்ள புத்தகம். பெயர் "என் சரித்திரம்". எழுதியவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாத ஐயர்.

அவர் 1855-இல் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம் என்ற சிற்றூர். ஏழைக் குடும்பம். மகனுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க நல்ல ஆசிரியர் எங்கே என்று தேடி, அந்தக் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. கடைசியில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெரும் புலவரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். குருவிடம் பட்ட அன்பை அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார். அந்த ஊருக்கு நீதிபதியாகச் சேலம் இராமசாமி முதலியார் வந்தார். ஐயர் அவரைப் பார்க்கப் போனார். "என்னென்ன படித்திருக்கிறீர்கள்?" என்று முதலியார் கேட்டார். ஐயர் பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. இப்படிப்பட்ட பழைய நூல்களை அவர் அதுவரை கையில் எடுத்ததே இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் கோபம் வந்திருக்கும். அல்லது வெட்கப்பட்டு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருப்பார். ஐயர் அப்படிச் செய்யவில்லை. அந்த நூலை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். பல இடங்கள் விளங்கவில்லை. அது சைன சமய நூல். அதனால் கும்பகோணத்துச் சைனர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887-இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். பிறகு எத்தனையோ பழைய ஏடுகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றினார். செல்லரித்துப் போக இருந்த தமிழ்ச் செல்வம் நமக்குக் கிடைத்தது.

எல்லாம் தொடங்கியது எங்கே? "எனக்குத் தெரியாது" என்ற இடத்தில். அதை அவர் மறைக்காமல் எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடன் பத்திரிகையில் வாரா வாரம் அது வந்தது. முடிப்பதற்குள் 1942-இல் அவர் காலமானார். 1950-இல் அது புத்தகம் ஆயிற்று.

ஒரு எழுத்துத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறோம். அப்போது உ.வே.சா.வை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் பின்னால்

உங்களில் பலருக்கு நாடகமும் சினிமாவும் பிடிக்கும். எம்.ஜி.ஆரும் ஆனந்த விகடனில் "நான் ஏன் பிறந்தேன்" என்று தன் வாழ்க்கையை எழுதினார். அவரும் சிறு பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்தான்.

நாடகக் கம்பெனி வாழ்க்கையை அருகில் இருந்து பார்க்க வேண்டுமா? அவ்வை தி.க. சண்முகம் எழுதிய "எனது நாடக வாழ்க்கை" என்ற நூலைத் தேடுங்கள். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் அவர் சேர்ந்தார். அப்போது அவருக்கு 6 வயது! அண்ணன்மாரும் கூடவே சேர்ந்தார்கள். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தாராம். இதைச் சண்முகம் வியந்து எழுதுகிறார்.

திரைக்கு முன்னால் விளக்கு வெளிச்சம். திரைக்குப் பின்னால் பிள்ளைகளின் உழைப்பு. வெளிச்சத்தை எல்லோரும் பார்த்தார்கள். உழைப்பை அவர் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

எல்லாவற்றையும் நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஒரு தன்வரலாற்றைக் கையில் எடுத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: தன் தவற்றைச் சொல்கிறாரா? காந்தியடிகள் தன் "சத்திய சோதனை"யில் சொல்கிறார். சிறு வயதில் அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனம் உறுத்தியது. தவற்றைக் கடிதமாக எழுதி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அடிக்கவில்லை. கண்ணீர் விட்டார். உலகம் போற்றும் ஒருவர் இதை எழுத வேண்டிய கட்டாயம் என்ன? உண்மையைத் தவிர வேறு கட்டாயம் இல்லை. அதனால் அந்தப் புத்தகத்தை நம்பலாம்.

இரண்டாம் கேள்வி: உதவி செய்தவர்களை நினைக்கிறாரா? "எல்லாம் நானே செய்தேன்" என்று ஒருவர் எழுதினால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். சமைத்துப் போட்டது யார்? துணி துவைத்தது யார்?

மூன்றாம் கேள்வி: எதைச் சொல்லாமல் விட்டார்? பணம் எப்படி வந்தது? மனைவிக்கு என்ன ஆயிற்று? சிலர் தங்களைப் புகழ்வதற்கென்றே எழுதுவார்கள். சிலருக்கு வேறு ஆள் எழுதிக் கொடுப்பார்கள். படிப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. எழுத்துக் கற்றதன் பலனே அதுதானே?

சமையல் அறையில் ஒரு பள்ளிக்கூடம்

கடைசியாக ஒரு பெண்ணின் கதை. இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

அவர் பெயர் ராசசுந்தரி தேவி. வங்காளத்துக் கிராமத்துப் பெண். ஏறக்குறைய 1810-இல் பிறந்தவர். 12 வயதில் கல்யாணம். பெரிய குடும்பம். ஓயாத சமையல். அடுத்தடுத்துப் பிள்ளைகள், மொத்தம் 12. அந்தக் காலத்தில் பெண் படித்தால் கணவனுக்கு ஆகாது என்று சொல்வார்கள். ஒரு தாளைப் பார்த்தாலே ஏசுவார்கள்.

ராசசுந்தரிக்கோ ஒரு பக்திப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் கணவர் அந்த ஏட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். யாரும் பார்க்காத நேரத்தில் அதிலிருந்து ஒரே ஒரு ஏட்டை உருவினார். சமையல் அறையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனை ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். அடுப்பு வேலைக்கு நடுவே, முக்காட்டுக்குள் இருந்தபடி, இந்த எழுத்தையும் அந்த எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. பலகை இல்லை. அப்போது அவருக்கு வயது சுமார் 25. தட்டுத் தடுமாறி, மெல்ல மெல்லப் படிக்கக் கற்றுவிட்டார்.

எழுதக் கற்றது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. வெளியூரில் படித்த மகன், "அம்மா, என் கடிதத்துக்கு நீங்கள் ஏன் பதில் எழுதுவதில்லை?" என்று குறைப்பட்டுக்கொண்டான். தாளும் பேனாவும் மையும் அவனே வாங்கிக் கொடுத்தான். அதன் பிறகு எழுதினார்.

1876-இல் அவருடைய தன்வரலாறு அச்சில் வந்தது. பெயர் "ஆமார் ஜீபன்". "என் வாழ்க்கை" என்று பொருள். வங்க மொழியில் எழுதப்பட்ட முதல் தன்வரலாறு அது என்று சொல்கிறார்கள். எழுதியவர் ராணி அல்ல. பண்டிதர் அல்ல. அடுப்படியில் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்ற ஒரு தாய்.

மற்றவர்கள் புகழ் வந்த பிறகு எழுதினார்கள். இவருக்கோ எழுதியதால்தான் பெயரே கிடைத்தது. எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஊரில் சமைத்து ஓய்ந்த ஆயிரம் பெண்களில் ஒருவராகப் போயிருப்பார்.

அக்காவுக்குப் பதில்

கேள்வி கேட்ட அக்கா இன்றைக்கும் வந்திருக்கிறார். அவர் போன மாதம் இன்னொன்றும் சொன்னார். வீட்டில் மருமகள் பார்த்துவிடுவாளோ என்று புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறாராம். "இந்த வயசுல இது எதுக்குன்னு சிரிப்பாங்க" என்றார்.

அக்கா, ஏறக்குறைய 200 வருடத்துக்கு முன்னால் ராசசுந்தரியும் சமையல் அறையில்தான் ஒளித்து வைத்தார். உங்கள் பானைக்கும் அவர் அடுப்புக்கும் தூரம் அதிகம் இல்லை. அவர் பயந்து ஒளித்தார். உங்களைத் தடுக்க இன்றைக்குச் சட்டமும் இல்லை, சாத்திரமும் இல்லை. கூச்சம் ஒன்றுதான் தடுக்கிறது. புத்தகத்தை எடுத்து வெளியே வையுங்கள். மருமகளையே ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்தை நீங்கள் படியுங்கள்.

படித்ததை விட்டுவிட்டால் எழுத்து மறந்துபோகும். நம்மோடு படித்த சிலருக்கு அப்படி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

"அவங்க கதையைப் படிச்சு எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். தோற்றவர் எப்படி எழுந்தார் என்று தெரியும். தெரியாதவர் எப்படிக் கேட்டார் என்று தெரியும். அதைவிட முக்கியமாக, நம் வாழ்க்கையும் எழுதத் தகுந்ததுதான் என்று தெரியும்.

ஊதுபத்தியின் மணம் வீட்டுக்கு வீடு போகிறது. அதை உருட்டிய கையின் கதை எங்கேயும் போகவில்லை. அதை எழுத உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.



பேசிப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

1. உங்கள் வாழ்க்கையில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நன்மை அடைந்தது உண்டா?

2. தன்வரலாறு படிக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? நான்காவதாக நீங்கள் ஒரு கேள்வி சேருங்கள்.

3. "நான் முதன்முதலாக என் பெயரை எழுதிய நாள்" என்று தலைப்புப் போட்டு ஐந்து வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.