சேறு போன பிறகுதான் குளோரோக்ஸ்

2021 டிசம்பர் வெள்ளத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் மிஞ்சியது சேறு. அதன்மேல் அப்படியே குளோரோக்ஸ் பிளீச்சை ஊற்றி மோப் போடுவது வீண் செலவு. சேற்றிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும்.

சேறு காய்வதற்குள் வழித்துத் தள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் குளோரோக்ஸ். அதையும் புட்டியில் போட்டிருக்கும் அளவில், பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். சுடுநீர் வீரியத்தைக் குறைக்கும். தரை 10 நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். ஊற்றிய கையோடு துடைத்தெடுத்தால் என்ன பயன்?

இன்னும் பளபளக்கட்டும் என்று கழிப்பறை கழுவும் அமிலத்தையும் அதே வாளியில் சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்தக் கலவையிலிருந்து எழுவது குளோரின் வாயு. நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வினிகர் சேர்த்தாலும் அதே கதைதான்.

வெள்ள நீரில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமிக்குக் காலில் ஒரு சிறு வெட்டுக்காயம் போதும். அதனால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.